வடசென்னை ரயில் மேம்பாலங்கள்: நடுக்கண் ஏன் கடைசியில் வருகிறது?

வணக்கம் நண்பர்களே. வியாசர்பாடியில், கணேசபுரம் சுரங்கப்பாதைக்குப் பக்கத்தில் நின்று இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன். பின்னணியில் ரயில் ஓசை அடிக்கடி குறுக்கிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். தெற்கே புளியந்தோப்பு, வடக்கே வியாசர்பாடி, நடுவில் சென்ட்ரலிலிருந்து பெரம்பூர், அரக்கோணம் நோக்கிச் செல்லும் தண்டவாளங்கள். மேம்பாலப் பணி தொடங்கிய காலத்திலிருந்து நான் எடுத்து வைத்த காட்சிகளைத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுகிறேன். வெறும் தரை, பைல் எனப்படும் அடித்தளத் தூண்களை மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் இயந்திரங்கள், தூண்கள், தூண்களின் தலையில் கான்கிரீட் என்று இரு பக்கத்திலும் வேலை படிப்படியாக ஏறி வருவதையும், தண்டவாளத்தை நெருங்கியதும் அது நின்றுவிடுவதையும் நீங்களே பார்க்கலாம். இரு பக்கமும் எழுந்த பிறகும் நடுவில் ரயில் பாதைக்கு மேலே உள்ள பகுதி, அதாவது நடுக்கண், மட்டும் வெறுமையாகவே கிடப்பது ஏன் என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அதைத்தான் இன்று விளக்கப் போகிறேன்.

முதலில், இங்கே பாலம் ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. சென்ட்ரல் நிலையம் வந்ததே 1873-இல்தான். துறைமுகத்துக்கு ஒரு கிளை, தண்டையார்பேட்டையில் சரக்கு யார்டு, பெரம்பூரில் பணிமனைகள், கடற்கரையிலிருந்து வரும் பாதையும் சென்ட்ரலிலிருந்து வரும் பாதையும் சேரும் கொருக்குப்பேட்டை சந்திப்பு என்று, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வடசென்னையின் மண்ணில் இருப்புப்பாதைகள் பெருகிக்கொண்டே வந்திருக்கின்றன. அந்தப் பாதைகளுக்கு இடையில் அகப்பட்ட குடியிருப்புகள் தீவுகளாயின. கொருக்குப்பேட்டைப் பக்கம் போஜராஜன் நகர் மக்களைக் கேட்டுப் பாருங்கள். மூன்று பக்கமும் தண்டவாளம் சூழ்ந்த அந்த நகருக்கு வாகனம் செல்லும் ஒரு சுரங்கப்பாதை கிடைக்கப் பல்லாண்டுக் காலம் மனுக் கொடுத்துப் போராட வேண்டியிருந்தது. ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் போகும் வழியில் கேட் மூடிவிட்டால் அந்த வீட்டாருக்கு நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

கணேசபுரத்தில் கேட் இல்லை, சுரங்கப்பாதை இருக்கிறது. ஆனால் மழைக்காலத்தில் அது இருந்தும் இல்லாததுதான். பக்கிங்காம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் ஓடும் இந்தத் தாழ்வான நிலத்தில், சாலையை அதற்கும் கீழே இறக்கி ரயிலுக்கு அடியில் கொண்டுபோயிருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது கால்வாய்களின் நீர்மட்டமே உயர்ந்துவிடுவதால், மோட்டார் வைத்து இறைக்கும் நீருக்கும் போக்கிடம் குறைந்துவிடுகிறது. இரு முனையிலும் தடுப்பு வைத்துப் போக்குவரத்தை நிறுத்துவதைத் தவிர வேறு வழி இருப்பதில்லை. அப்போது இந்தப் பக்கத்து மக்கள் பெரம்பூர் வழியாகவோ பேசின் பிரிட்ஜ் வழியாகவோ சுற்ற வேண்டியதுதான். ஆகவேதான் சுரங்கப்பாதைக்கு மாற்றாக நான்கு வழி மேம்பாலம் கட்டும் திட்டத்தைப் பெருநகர சென்னை மாநகராட்சி ஏறத்தாழ 142 கோடி ரூபாய் மதிப்பில் எடுத்துக்கொண்டது. பாலத்தின் நீளம் சுமார் 680 மீட்டர், அகலம் 15 மீட்டருக்குச் சற்று மேல்.

தண்டவாளங்களைக் கடக்க மட்டும் இவ்வளவு நீளம் எதற்கு என்று தோன்றலாம். மின்மயமான பாதைக்கு மேலே பாலம் கட்டும்போது, 25,000 வோல்ட் மின்சாரம் ஓடும் மேல்நிலைக் கம்பிக்கும் அதைத் தாங்கும் அமைப்புக்கும் இடம் விட்டு, தண்டவாள மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஆறரை மீட்டர் உயரத்துக்கு மேல்தான் பாலத்தின் அடிப்பகுதி இருக்க வேண்டும். அதன் மேல் கர்டரின், அதாவது தளத்தைத் தாங்கும் உத்தரத்தின் உயரம், அதன் மேல் தளம், அதன் மேல் சாலை என்று கூட்டினால் வண்டி ஓடும் மட்டம் எட்டு மீட்டரைத் தாண்டிவிடும். பேருந்தும் லாரியும் திணறாமல் ஏற வேண்டுமானால், நகரப் பாலங்களில் 30 மீட்டர் நீளத்துக்கு ஒரு மீட்டர் என்ற அளவில் சரிவு வைப்பார்கள். எட்டு மீட்டர் ஏற 240 மீட்டர், அதே அளவு இறங்க 240 மீட்டர். நடுப்பகுதியையும் வளைவுகளையும் சேர்த்துப் பாருங்கள், கணக்கு சரியாக வந்துவிடும். இந்த 240 மீட்டரை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் மீண்டும் தேவைப்படும்.

இப்போது நடுக்கண்ணுக்கு வருகிறேன். பொதுவாக ரயில் மேம்பாலப் பணியில் பாலத்தின் மேல் ஏறி இறங்கும் இரு பக்க அணுகுபாதைகளை மாநகராட்சியோ மாநில நெடுஞ்சாலைத் துறையோ கட்டும். ரயில்வே எல்லைக்குள் வரும் கண்ணை, அதாவது இரு தூண்களுக்கு இடைப்பட்ட பாலப் பகுதியை, ரயில்வேயே கட்டும், அல்லது அதன் மேற்பார்வையில் கட்டப்படும். பாலம் ஒன்றே ஆனாலும் ஒப்பந்தம் இரண்டு, பொறியாளர் குழு இரண்டு, நிதி வரும் வழியும் இரண்டு. முதலில் இரு தரப்பும் ஒரு பொது வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். எதிர்காலத்தில் இன்னும் ஒரு பாதை போட இடம் வேண்டும் என்று ரயில்வே சொன்னால் தூண் நகரும். தூண் நகர்ந்தால் கண்ணின் நீளம் கூடும். நீளம் கூடினால் கான்கிரீட் கர்டர் போதாமல் இரும்பு கர்டருக்கு மாற வேண்டிவரும். மாறினால் வடிவமைப்பு, மதிப்பீடு, ஒப்புதல் எல்லாம் முதலிலிருந்து. ஓடும் பாதைக்கு மேலே நடக்கும் வேலை என்பதால் ரயில்வே பாதுகாப்பு ஆணையரின் அனுமதியும் வேண்டும். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்லர், விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர். சோதிப்பவர் கட்டுபவரின் கீழ் இருக்கக் கூடாது என்ற அந்த ஏற்பாட்டை நான் மதிக்கிறேன்.

அனுமதி வந்த பிறகும் வேலை பகலில் நடக்காது. கர்டரைத் தூக்கி வைக்க வேண்டுமானால் அந்தத் தடத்தில் ரயிலை நிறுத்த வேண்டும், அதற்கு லைன் பிளாக். கம்பியில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும், அதற்கு பவர் பிளாக். சென்ட்ரலுக்குள் நுழையும் விரைவு வண்டிகளும் அரக்கோணம், திருவள்ளூர் மின்சார ரயில்களும் ஓடும் இந்தப் பாதையில், நள்ளிரவுக்குப் பிறகு சில மணி நேரம் கிடைத்தாலே பெரிது. அந்த நேரத்துக்குள் மின்சாரம் நிறுத்தப்பட்டதை உறுதி செய்து, கம்பியில் மின்சாரம் தங்காதபடி அதைத் தரையோடு இணைத்து எர்த் செய்து, கிரேனை நிலைப்படுத்தி, இரும்பைத் தூக்கி, இம்மி பிசகாமல் தூண் தலையிலுள்ள தாங்கியின் மேல் அமர்த்தி, கருவிகளையெல்லாம் அகற்றி, பாதையைச் சோதித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். காலையில் முதல் மின்சார ரயில் தாமதமானால் அதற்குப் பின்னால் வரும் அத்தனை ரயில்களும் தாமதமாகும். அந்த இரவுகளில் தூக்கமில்லாமல் உயரத்தில் நின்று வேலை செய்யும் தொழிலாளர்களை நினைத்தால், ‘ஆமை வேகம்’ என்று எளிதாகச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. தாமதத்தில் பெரும்பங்கு அவர்கள் கையில் இல்லை. இரண்டு அலுவலகங்களுக்கு இடையே கடிதம் போய் வரும் மாதங்களில்தான் இருக்கிறது.

யானைக்கவுனிப் பாலத்தை நினைத்துப் பாருங்கள். சௌகார்பேட்டைப் பக்கத்தையும் வேப்பேரிப் பக்கத்தையும் இணைத்த 1933-ஆம் ஆண்டுப் பாலம் வலுவிழந்து, 2016-இல் கனரக வாகனங்களுக்குத் தடை வந்து, பிறகு முழுவதும் இடிக்கப்பட்டு, புதிய பாலத்தின் ஒரு பக்கம் மட்டும் 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. அங்கேயும் தண்டவாளத்துக்கு மேலே வரும் பகுதியை ரயில்வேயும் அணுகுபாதைகளை மாநகராட்சியும் கட்டின. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் எத்தனை வியாபாரிகள், பள்ளிப் பிள்ளைகள், மூட்டை சுமப்பவர்கள் சுற்றி நடந்திருப்பார்கள்! அந்த அனுபவத்துக்குப் பிறகாவது, அணுகுபாதைக்கு ஒப்பந்தம் விடும் அன்றே நடுக்கண்ணின் வரைபடத்துக்கும் ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும் என்பதைக் கட்டாய விதியாக வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, பாலத்தை விட்டுப் பாதைக்கு வருகிறேன்; பாதை கூடக் கூட அதைக் கடப்பதும் கடினமாகிறது என்பதற்குக் கும்மிடிப்பூண்டிப் பாதையைப் பாருங்கள். சென்னைக் கடற்கரைக்கும் அத்திப்பட்டுக்கும் இடையே 22.1 கிலோமீட்டர் நான்காவது பாதை, 293.40 கோடி ரூபாய் செலவில், 2021 பிப்ரவரி 14-ஆம் தேதி தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, எண்ணூர்த் துறைமுகங்களின் சரக்கு ரயில்களுக்கு அந்த நான்காவது பாதை பெரும் உதவி. ஆனால் அத்திப்பட்டைத் தாண்டி மீஞ்சூர், பொன்னேரி, கவரப்பேட்டை வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை மின்சார ரயிலும் விரைவு வண்டியும் சரக்கு ரயிலும் நம்பியிருப்பது இரண்டே முதன்மைப் பாதைகளை. 2024 அக்டோபர் 11-ஆம் தேதி கவரப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ், லூப் எனப்படும் பக்கப் பாதையில் நின்றிருந்த சரக்கு ரயிலில் மோதிய விபத்துக்குக் காரணம் வேறு. ஆனால் அதன் பிறகு வடக்கே செல்லும் முழுத் தடமும் முடங்கியதற்கும், பொன்னேரியிலிருந்து கல்லூரிக்கும் வேலைக்கும் வருபவர்கள் தவித்ததற்கும் மாற்றுப் பாதை இல்லாமையே காரணம். மூன்றாவது, நான்காவது பாதைகள் கும்மிடிப்பூண்டி வரை நீள வேண்டும் என்று நான் தொடர்ந்து பேசி வருவது இதனால்தான்.

பாதை கூடும்போது நிலையங்களுக்கு என்ன ஆகிறது என்பதை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். தண்டவாளம் இரண்டிலிருந்து நான்கானால், கடக்க வேண்டிய அகலம் கூடுகிறது, நடை மேம்பாலம் நீள வேண்டும், புதிய நடைமேடைக்குப் படிக்கட்டு இறங்க வேண்டும், டிக்கெட் கவுண்டர் எந்தப் பக்கம் என்பதும் மாறும். தண்டவாளம் முதலில் வந்துவிடுகிறது, படிக்கட்டு பிறகு வருகிறது. விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்துக்கொண்டு கூடையைத் தலையில் ஏற்றி வரும் அம்மாவுக்கு, ரயில் அடுத்த நடைமேடைக்கு மாற்றப்பட்டதாகக் கடைசி நிமிடத்தில் அறிவிப்பு வந்தால், அவர் படியேறிப் போவாரா, தண்டவாளத்தில் இறங்குவாரா? ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவு, அத்துமீறித் தண்டவாளத்தில் நடந்தால் ஆறு மாதம் வரை சிறை அல்லது 1000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. சட்டம் தேவைதான். ஆனால் லிஃப்டோ சாய்தளமோ இல்லாத இடத்தில், முழங்கால் வலியோடு கூடை சுமப்பவருக்கு அந்தச் சட்டம் எந்த வழியையும் காட்டுவதில்லை.

முன்பு சொன்ன 240 மீட்டர் இங்கேதான் வருகிறது. ரயில்வே கேட்டுக்குப் பதிலாக மேம்பாலம் கட்டிக் கேட்டை நிரந்தரமாக மூடிவிட்டால், ஸ்கூட்டரில் போகிறவருக்கு ஒரு நிமிட வேலை. நடந்து போகிறவரோ, எதிரே கண்ணுக்குத் தெரியும் தெருவுக்குப் போக 240 மீட்டர் ஏறி 240 மீட்டர் இறங்க வேண்டும். தண்டவாளத்தை ஒட்டிப் படிக்கட்டு கொடுத்தாலும் எட்டு மீட்டர் உயரத்துக்கு ஐம்பது படிகளுக்கு மேல் வரும். இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது வேறொன்று. ஒரு கேட்டுக்கு மேம்பாலம் வேண்டுமா என்று முடிவு செய்ய, நாளொன்றுக்குக் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை வாகனங்களின் எண்ணிக்கையால் பெருக்கிப் பார்க்கிறார்கள். அந்தப் பெருக்குத்தொகை ஒரு லட்சத்தை எட்டினால் ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்ளும் தகுதி வந்துவிடும். லாரிக்கு மதிப்பு உண்டு, ஆட்டோவுக்கு உண்டு, இருசக்கர வண்டிக்கும் உண்டு. நடந்து செல்பவர் அந்தக் கணக்கில் இல்லை. கணக்கில் இல்லாதவருக்கு வரைபடத்திலும் இடம் கிடைப்பதில்லை. மணலிக்கும் துறைமுகத்துக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள் நிறைந்த நம் பகுதியில், வாகனக் கணக்கு எளிதாக எட்டிவிடும்; அதே தெருவில் பள்ளிக்கு நடந்து போகும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணுவதில்லை.

எனவே உங்கள் பகுதியில் இப்படி ஒரு பணி அறிவிக்கப்பட்டால், எத்தனை தூண் எழுந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். பொது வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்குங்கள். அதில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: தண்டவாளத்தின் இரு பக்கமும் படிக்கட்டோ லிஃப்டோ காட்டப்பட்டிருக்கிறதா, கேட் மூடப்படும் நாளுக்கு முன் நடப்பவர்களுக்கான வழி திறக்கப்படுமா, மழைநீர் எந்தக் கால்வாயில் போய்ச் சேரும். இவை இல்லையென்றால், பைல் இறங்குவதற்கு முன்பே வார்டு கூட்டத்தில் கேளுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு கேட்டால் ‘அடுத்த கட்டத்தில் பார்க்கலாம்’ என்பார்கள்.

கணேசபுரத்துக்கு என் கோரிக்கையும் இதுவே. வாகனங்கள் மேலே போகட்டும். இந்தச் சுரங்கப்பாதையைக் கைவிட்டுவிடாமல், கசிவை அடைத்து, வடிகாலைச் சீரமைத்து, இரவெல்லாம் விளக்கெரியச் செய்து, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் மட்டும் என்று ஒதுக்கிக் கொடுங்கள். இந்தக் கோரிக்கையை மனுவாக எழுதி மாநகராட்சிக்கும் கோட்ட ரயில்வே மேலாளருக்கும் அனுப்ப இருக்கிறேன். கையெழுத்திட விரும்பும் வியாசர்பாடி, புளியந்தோப்பு மக்கள் வரும் ஞாயிற்றுக்கிழமை காலை இதே இடத்துக்கு வாருங்கள்.