பீரங்கிக் குண்டு விழுந்த தூரம்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. பேச்சின் எழுத்து வடிவம்.)

கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற கல்வி அலுவலர் ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் சகோதரி அவர்களே, வரவேற்புரையில் என்னைக் 'கணிதப் புலி' என்று சொன்ன நூலகர் தம்பி அவர்களே (புலியெல்லாம் இல்லை தம்பி, பென்ஷன் வாங்கும் வாத்தியார்), முள்ளோடை தாண்டி இரண்டு பஸ் மாறி வந்திருக்கும் புதுச்சேரி நண்பர்களே, அரை மணி நேரமாக மைக்கோடு மல்லுக்கட்டி ஜெயித்த ஒலிபெருக்கிக்காரர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, வணக்கம். பொன்னாடைக்குப் பதில் கதர்த் துண்டு போர்த்தினீர்கள். வேர்வை துடைக்க உதவுகிறது. நன்றி.

'நாடுகளின் கொலைக் கணக்கும் துப்பாக்கிச் சட்டமும்' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். நான்கு விஷயம் பேசலாம் என்று குறித்து வந்திருக்கிறேன். எதைக் கொலை என்று எண்ணுகிறார்கள், எதால் வகுக்கிறார்கள், எந்த நாட்டோடு எந்த நாட்டை ஒப்பிடுகிறார்கள், நான்காவது தற்கொலை.

இந்தத் தலைப்பு எனக்கு எங்கள் வீட்டிலிருந்துதான் கிடைத்தது. என் மாப்பிள்ளை டெக்சாசில் இருக்கிறார். தீபாவளியன்று வீடியோ காலில் பேச்சு எப்படியோ துப்பாக்கிக்குப் போய்விட்டது. "மாமா, ஸ்விட்சர்லாந்தைப் பாருங்க. ராணுவப் பயிற்சி முடிச்சவன் துப்பாக்கியை வீட்டுல வச்சிருக்கான். கொலை வருஷத்துக்கு லட்சம் பேர்ல ஒண்ணு கூட இல்லை" என்றார். சென்னையிலிருந்து சின்ன மகள் குறுக்கே வந்தாள். "ஜப்பானைப் பாருங்க மாமா, துப்பாக்கி லைசென்ஸ் குதிரைக்கொம்பு, கொலையும் இல்லை." மாப்பிள்ளை விடவில்லை. மெக்சிகோவை எடுத்தார். சட்டப்படி துப்பாக்கி விற்கும் கடைகளை அங்கே விரல்விட்டு எண்ணிவிடலாம், அதையும் ராணுவமே நடத்துகிறது. கொலையோ 2022-இல் லட்சத்துக்கு 20-க்கு மேல். மகள் உடனே, அங்கே சுடும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு எந்த எல்லை தாண்டிப் போகிறது என்று கேட்டாள். மாப்பிள்ளை முகம் கொஞ்ச நேரம் உறைந்து நின்றது. நெட் பிரச்சினை என்று பிறகு சொன்னார்.

நான் ஒன்றும் பேசவில்லை. என் பாட்டி சொல்வாள்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு. இரண்டு பேரும் அள்ளி அள்ளிப் போட்டார்கள், யாரும் அளந்து போடவில்லை.

அளப்பது என்றதும் நம் ஊர்க் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். இருந்தாலும் சொல்லாமல் போக முடியாது. 1690-ஆம் வருஷம். நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சி மராட்டியரிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி விலைக்கு வாங்குகிறது. மதராஸ் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரியவர். கோட்டையோடு எவ்வளவு நிலம்? அங்கேதான் வேடிக்கை. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் கம்பெனிக்கு. செப்டம்பர் 23-ஆம் தேதி திசைக்கொன்றாகச் சுட்டார்கள். அதற்குள் அடங்கிய ஊரெல்லாம் கம்பெனி வசம், கடலூரும் சேர்த்துத்தான். குண்டு உப்பலவாடி என்று சொல்கிறோமே, அந்தக் 'குண்டு' இந்தக் குண்டுதான். குண்டுசாலையும் அப்படித்தான். குண்டும் குழியுமாக இருப்பதால் வந்த பெயர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். மாமன்ற உறுப்பினர் சிரிக்கிறார். சிரிக்கட்டும், ரோடு போட்டால் சரி.

இப்போது யோசித்துப் பாருங்கள். நிலத்தை அளக்கும் கோல் பீரங்கி. எந்தப் பீரங்கி? வாங்குகிறவன் பீரங்கி. எவ்வளவு வெடிமருந்து கிட்டிப்பது, குழலை எவ்வளவு தூக்கி வைப்பது? எல்லாம் வாங்குகிறவனின் ஆள் கையில். விற்கிறவன் என்ன நினைத்திருப்பான்? "வெள்ளைக்காரன் குண்டு அந்தப் பனைமரம் வரைக்கும் போகும், போனால் போகட்டும்." குண்டு பனைமரத்தைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, இவன் மாமியார் வீட்டையும் தாண்டிப் போயிருக்கும். அளவுகோலை எவன் தேர்ந்தெடுக்கிறானோ அவனுக்குத்தான் நிலம். மாப்பிள்ளை ஸ்விட்சர்லாந்துப் பீரங்கியை வைத்துச் சுட்டார், மகள் ஜப்பான் பீரங்கியை வைத்துச் சுட்டாள்.

சரி, முதல் விஷயம். எதைக் கொலை என்று எண்ணுகிறார்கள்? இங்கிலாந்தில் ஹரோல்ட் ஷிப்மன் என்று ஒரு டாக்டர். கைராசி டாக்டர் என்றுதான் ஊரே நம்பியது. வருஷக் கணக்காக நோயாளிகளை ஊசி போட்டே கொன்றிருக்கிறார். விசாரணை முடிந்து தெரியவந்த 172 கொலைகளை 2002-03 கணக்கில் ஒரே மூட்டையாகச் சேர்த்தார்கள். போலீஸ் பதிவுசெய்த வருஷத்தில்தான் அங்கே கொலை எண்ணப்படும், உயிர் போன வருஷத்தில் அல்ல. கைத்துப்பாக்கியைத் தடை செய்தது 1997-இல். 2003-ஐப் பார்த்தவன் என்ன சொல்வான்? "பாருங்கள், தடை போட்டார்கள், கொலை ஏறிவிட்டது." அந்த 172-இல் ஒரு தோட்டாகூடக் கிடையாது. நம் நாட்டிலோ குற்ற ஆவணக் காப்பகம் வரதட்சணைச் சாவைக் கொலையோடு சேர்ப்பதில்லை, அதற்குத் தனிப் பத்தி. இரண்டு நாட்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதற்கு முன் ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டாமா?

எதால் வகுக்கிறோம் என்பதைப் புதுச்சேரி நண்பர்களுக்காகச் சொல்கிறேன். 2011 கணக்கெடுப்பில் உங்கள் மக்கள்தொகை சுமார் பன்னிரண்டரை லட்சம், காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் சேர்த்து. இரண்டு ரவுடிக் கோஷ்டி நாட்டு வெடிகுண்டு எடுத்துப் பழிவாங்கி ஒரு வருஷம் பத்து உயிர் கூடுதலாகப் போனால், லட்சத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்று ஏறிவிடும். உத்தரப் பிரதேசத்தில் அதே பத்து இருக்கும் இடம் தெரியாது.

மூன்றாவது ஒப்பீடு. இதில் இரண்டு பக்கத்துக்கும் பங்கு உண்டு. 2021-இல் அமெரிக்காவில் கொலையுண்டவர்கள் ஏறக்குறைய 26,000 பேர், அதில் துப்பாக்கியால் ஏறக்குறைய 21,000. மிச்சம் ஐயாயிரம், கத்தியும் கட்டையும். அந்த ஐயாயிரமே லட்சத்துக்கு ஒன்றரை வரும். இங்கிலாந்தின் மொத்தக் கொலையே சுமார் ஒன்றுதான். அப்படியானால் மாப்பிள்ளை சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, துப்பாக்கியை எடுத்துவிட்டாலும் அமெரிக்கா இங்கிலாந்து ஆகிவிடாது. மகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஐந்தில் நான்கு பங்கு எங்கிருந்து வருகிறது என்பது கண்முன் தெரிகிறது. என்னைக் கேட்டால் ஒரு நாட்டை அதே நாட்டோடு ஒப்பிட வேண்டும், சட்டத்துக்கு முன்னும் பின்னும். 1996 ஏப்ரலில் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். அரசு சட்டத்தை இறுக்கி ஆறரை லட்சம் துப்பாக்கிகளுக்கு மேல் விலை கொடுத்து வாங்கி அழித்தது. துப்பாக்கிச் சாவு அதற்கு முன்பே இறங்கிக்கொண்டுதான் இருந்தது என்பவர்கள் உண்டு, அதுவும் உண்மை. ஆனாலும் இறங்கியது இறங்கியதுதான்.

நான்காவதாகக் குறித்த தற்கொலைக்கு இன்றைக்கு நேரமில்லை, இன்னொரு கூட்டத்தில் சொல்கிறேன். நான் எங்கே வருவேன் என்று முன்வரிசைக்காரர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆமாம், ஹெல்மெட்.

2022-இல் இந்தியா முழுவதும் பதிவான கொலை 28,522. அதே வருஷம் ஹெல்மெட் போடாமல் இருசக்கர வண்டியில் போய் இறந்தவர்கள் 50,029 பேர். போட்டிருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள் என்று சொன்னால் நானும் பீரங்கிக்காரன் ஆகிவிடுவேன். சாவு வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறையும் என்பதுதான் ஆய்வுக் கணக்கு. பாதிகூட இல்லைதான். இருந்தாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

"என் தலை, என் இஷ்டம்" என்பார்கள். டெக்சாஸ்காரனும் "என் துப்பாக்கி, என் இஷ்டம்" என்றுதான் சொல்கிறான். 2019-இல் புதுச்சேரியில் ஹெல்மெட் கட்டாயம் என்றதும் ரோட்டில் போட்டு உடைத்தே போராட்டம் நடந்தது. நான் மட்டும் யோக்கியனா? மழை நாளில் ஆல்பேட்டை வளைவில் சறுக்கி விழுந்தேன். ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு ஒரு கீறல் இல்லை, எனக்கு ஏழு தையல். அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான் இது.

போடுவதிலும், ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பதைத் தலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரம் வாங்கியது, ஐஎஸ்ஐ முத்திரை இல்லாதது, வாரைப் பூட்டாதது, இதெல்லாம் தலையில் கவிழ்த்த சட்டி. உள்ளே 580, 600 என்று மில்லிமீட்டர் போட்டிருக்கும், அது உங்கள் தலைச் சுற்றளவு. வாசலில் என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் தையல் டேப்போடு நிற்கிறார்கள். நோட்டில் பெயரும் அளவும் எழுதிவிட்டுப் போனால் மொத்த விலைக்கு வாங்கித் தருகிறோம். சுண்டல் அதற்கு அடுத்த மேசையில். தலைவர் ஐயா, முதல் அளவு உங்களுடையது, துண்டைக் கொஞ்சம் எடுத்துவிட்டு வாருங்கள்.