வெலாஸ்கெஸ் வரைந்த ஹுவான் தெ பரேஹா

நண்பர்களே, பதினேழாம் நூற்றாண்டு ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸ் என்றதும் பலருக்கும் 'லாஸ் மெனினாஸ்' ஓவியம்தான் நினைவுக்கு வரும். நான் இன்று பேச வந்திருப்பது அவர் வரைந்த இன்னொரு முகத்தைப் பற்றி. அந்த முகத்துக்கு உரியவர் அவருடைய அடிமை ஹுவான் தெ பரேஹா.

1649-இல் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்புக்காகக் கலைப்பொருட்கள் வாங்க வெலாஸ்கெஸ் இத்தாலிக்குப் போனார். கூடவே பரேஹாவையும் அழைத்துப் போனார். தெற்கு ஸ்பெயினின் அந்தெகேரா ஊரில் பிறந்தவர் பரேஹா. ஓவியக்கூடத்தில் உதவி வேலைகள் செய்துவந்தார். ரோமில் போப் பத்தாம் இன்னொசென்டை வரைவதற்கு முன், கைப்பழக்கத்துக்காக வெலாஸ்கெஸ் இவரை வரைந்தார் என்று, ஸ்பானிய ஓவியர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய பலோமினோ எழுதிவைத்திருக்கிறார்.

பழக்கத்துக்கு வரைந்ததா இது? படத்தைப் பாருங்கள். உடல் பக்கவாட்டில் திரும்பியிருக்கிறது, முகம் நம் பக்கம். சாம்பல் நிற உடை, அகலமான வெள்ளைப் பின்னல் கழுத்துப்பட்டி, மார்புக்குக் குறுக்கே மடக்கிய கை. ஏவலாள் என்று காட்ட ஒரு தட்டோ, தூரிகையோ எதுவும் இல்லை. கண்கள் நம்மை நேராகப் பார்க்கின்றன. நம்மிடம் எதையும் கேட்கவில்லை. 1650 மார்ச்சில் ரோமின் பாந்தியன் என்ற பழைய தேவாலயத்தில் இதை மக்கள் பார்வைக்கு வைத்தபோது, மற்றவை எல்லாம் ஓவியம், இது மட்டுமே உண்மை என்று கலைஞர்கள் பேசிக்கொண்டார்களாம். இதுவும் பலோமினோ சொன்னதுதான்.

ஆனால் அந்த நாளிலும் பரேஹா விலைக்கு உரிய ஒரு சொத்துதான். இதை மறந்துவிட்டு இந்த ஓவியத்தைப் புகழ என்னால் முடியவில்லை. அவர் ஒளிந்து ஓவியம் கற்றார், மன்னர் அதைக் கண்டு வியந்து விடுதலை தரச் சொன்னார் என்று ஓர் அழகான கதை வெகுகாலம் உலவியது. ரோம் ஆவணக் காப்பகத்தில் கிடைத்த விடுதலைப் பத்திரம் வேறு விதமாகச் சொல்கிறது. 1650 நவம்பர் 23 அன்று வெலாஸ்கெஸ்தான் விடுதலை எழுதிக் கொடுக்கிறார், அதுவும் இன்னும் நான்கு ஆண்டு உழைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. முகத்தில் அவ்வளவு கண்ணியத்தைக் கண்டவருக்கு உடனே விட்டுவிட மனம் வரவில்லை.

அப்புறம் இந்த ஓவியம் பல கை மாறி இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. 1970-இல் லண்டன் ஏலத்தில் 23 லட்சம் பவுண்டைத் தாண்டி விலைபோனது. ஓர் ஓவியத்துக்கு ஏலத்தில் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது அதுவே முதல் முறை. இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

விலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் மத்ரித்தின் பிராதோ அருங்காட்சியகத்தில் உள்ள 'புனித மத்தேயுவின் அழைப்பு' ஓவியத்தையும் அவசியம் பார்க்க வேண்டும். மூன்று மீட்டருக்கும் மேல் அகலமான அந்தப் படத்தை 1661-இல் வரைந்தவர் பரேஹாவேதான். அதன் இடது ஓரத்தில் தன்னையும் வரைந்திருக்கிறார். கையில் ஒரு தாள். அதில் அவர் பெயர், ஓவியராக அவரே இட்ட கையொப்பம்.