கடைசிப் படிக்குக் கீழே

வணக்கம், நேயர்களே. படிக்கட்டைப் பற்றிப் பேச வானொலிக்குப் போகிறேன் என்றதும் என் வீட்டில் சிரித்தார்கள். "பினாங்கில படிக்கட்டுன்னா தண்ணீர்மலைப் படிக்கட்டுதானே, அதுக்கு நீங்க எதுக்கு?" என்றார் மனைவி. நியாயமான கேள்விதான். பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு ஏறும் 513 படிகளைப் பற்றிப் பேச ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். தைப்பூசத்தன்று அந்தப் படிகளைக் கழுவுவதற்கும், ஏறுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பதற்கும் ஆள் இருக்கிறது.

நான் பேச வந்தது ஆள் இல்லாத படிகளைப் பற்றி. தஞ்சோங் பூங்காவிலும் பத்து பிரிங்கியிலும் சாலையோரத்திலிருந்து மணலுக்கு இறங்கும் ஏழு படி, பத்துப் படி, பதினைந்து படி. பெயர்கூடக் கிடையாது. "அந்த ஹோட்டல் பக்கத்துச் சந்து", "அந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் பின்னால" என்றுதான் சொல்வோம். அந்தப் படிகளில்தான் பிள்ளைகள் குளிக்கப் போகிறார்கள். மீன் பிடிக்கிறவர்கள் வலையும் எண்ணெய்க் கேனும் தூக்கிக்கொண்டு ஏறுகிறார்கள். கருமாதி முடித்துக் கடலில் கரைக்க வரும் குடும்பம், ஈரக்கால்களோடு, கண் சரியாகத் தெரியாத பெரியவர்களைக் கையில் பிடித்துக்கொண்டு அதே வழியாகத்தான் இறங்கி ஏறுகிறது.

நான் முப்பது வருடம் கட்டுமான வேலைகளில் கிளார்க் ஆப் ஒர்க்ஸாக இருந்தவன். சைட்டில் நின்று, கம்பி சரியாகக் கட்டியிருக்கிறதா, கலவை சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. அதனால் முதலில் என் கையெழுத்துப் பட்ட ஒரு படிக்கட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எந்தக் கரை, யார் குத்தகையாளர் என்பதெல்லாம் வேண்டாம்.

பழைய படிக்கட்டு. பக்கவாட்டில் வெடிப்பு, அங்கங்கே காங்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. உதிர்ந்த இடத்தைக் கொத்தி எடுத்தோம், புதுக் கலவை பூசினோம். மிதிக்கிற இடத்தில் சொரசொரப்பான ஓடு பதித்தோம். பளபளவென்று புதுக் கைப்பிடி. மேலே ஒரு வளைவு, அதில் நீல வண்ணம். வேலை முடிகிற நாளில், கரையில் நண்டு விற்கும் ஓர் அக்கா வந்து பார்த்தார். "மேல எல்லாம் கல்யாண வீடு மாதிரி இருக்கு தம்பி. கீழ என்ன செஞ்சீங்க?" என்றார். நான் சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

பதினான்கு மாதம். கடைசி மூன்று படிகள் அந்தரத்தில் தொங்கின. அடியில் இருந்த மணலைக் கடல் அள்ளிக்கொண்டு போய்விட்டது. போதாததற்கு, நாங்கள் ஒட்டுப் போட்ட இடங்கள் அப்படியே இருக்க, அந்த ஒட்டுகளின் ஓரத்தில் புது வெடிப்பு. கைப்பிடியில் தே தாரிக், அதான் நம் பால் டீ, கொட்டினது மாதிரி பழுப்புக் கறை.

மணல், வெடிப்பு, கறை மூன்றையும் கொஞ்சம் விளக்க வேண்டும். கடற்கரைப் படிக்கட்டுகள் பெரும்பாலும் இந்த மூன்றால்தான் போகின்றன.

முதலில் அந்த மணல். கரை ஓர் இடத்தில் நிற்பதில்லை. காற்று திசை மாறினால் அலையின் கோணம் மாறும், மணல் ஒரு பக்கம் குவிந்து மறுபக்கம் இறங்கும். தென்மேற்குப் பருவத்தில் விடியற்காலையில் 'சுமத்ரா' என்று நாம் சொல்கிற புயற்காற்று அடித்து, அது பெரிய கடல் ஏற்றத்தோடு சேர்ந்துகொண்டால், ஒரே இரவில் முழங்கால் அளவு மணல் காணாமல் போகும். சில வாரத்தில் திரும்பியும் வரலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நம் கடலில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையில் ஏறக்குறைய 2 மீட்டர் வித்தியாசம். அதாவது படிக்கட்டின் கால் ஒரு நாளைக்கு இரண்டு முறை நனைந்து காய்கிறது. படம் வரைகிறவர் ஒரு நல்ல நாளில் வந்து மணல் மட்டத்தை அளந்து, அங்கேயே கடைசிப் படியை நிறுத்திவிட்டால், அடுத்த பருவத்தில் அது கடைசிப் படியாக இருக்காது. 1984-இல் வந்த நம் மலேசியக் கட்டட விதிகளில் படியின் உயரம் 180 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது, மிதிப்பு 255-க்குக் குறையக் கூடாது என்று இருக்கிறது. மேலே உள்ள பத்துப் படியிலும் அந்த அளவை ஒரு நூல் பிசகாமல் வைத்திருப்போம். கடைசியில் மணல் இறங்கி அந்த 180 நானூறாகும்போது, பத்துப் படி ஒரே சீராக இறங்கிப் பழகிய கால், பதினோராவது படியில் ஏமாறும். வயதானவர்கள் விழுவது பெரும்பாலும் அங்கேதான்.

அடுத்தது கம்பி. எப்போதும் கடலுக்குள்ளேயே கிடக்கும் கம்பிக்கு அவ்வளவு ஆபத்தில்லை, அங்கே காற்று குறைவு. நனைந்தும் காய்ந்தும் இருக்கிற பகுதிதான் மோசம். உப்பு உள்ளே இறங்கும், பின்னாலேயே காற்றும் போகும். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் பருக்கும், உள்ளேயிருந்து காங்கிரீட்டைப் பிளக்கும். நாங்கள் செய்த தவறு, உதிர்ந்த இடத்தை மட்டும் கொத்தியது. ஒட்டுப் போட்ட இடத்தில் கம்பி பத்திரமாகிவிடுகிறது. அதே கம்பியின் அடுத்த பகுதி பழைய உப்பேறிய காங்கிரீட்டுக்குள் இருக்கிறது. இப்போது ஒரே கம்பி பேட்டரி மாதிரி வேலை செய்து, ஓரத்தில் முன்பைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். இதைத் தடுக்க ஒட்டுக்குள் கம்பியோடு ஒரு துத்தநாகக் கட்டியைக் கட்டி வைப்பார்கள். கம்பிக்குப் பதில் அது கரையும். படகு வைத்திருக்கிறவர்களுக்கு இது புதிதல்ல, சுக்கானுக்குப் பக்கத்தில் அவர்கள் கட்டுவதும் அதைத்தான். படகுக்காரர்களுக்குத் தெரிந்தது படிக்கட்டுக்காரனான எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பூசிய கலவைக்கு நீர் விட்டுப் பதப்படுத்த வேண்டிய நாட்களில், குழாய் தூரம் என்று பையன்கள் கடல்நீரை வாளியில் அள்ளி ஊற்றினார்கள். பார்த்துவிட்டுத்தான் நிறுத்தச் சொன்னேன், அதற்குள் இரண்டு நாள் ஆகியிருந்தது.

கைப்பிடிக் கறை சின்ன விஷயம், சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். துருப்பிடிக்காத எஃகு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். சமையலறைத் தொட்டிக்குப் போடும் 304 வகை கடலோரத்தில் கறை படியும். 316 வகை வேண்டும், அதில் மாலிப்டினம் சேர்ந்திருக்கும். விலை கூடுதல்தான். மெருகேற்றிய வழவழப்பான பரப்பாகக் கேளுங்கள், சொரசொரப்பில் உப்பு தங்கும். மிதிக்கிற ஓட்டுக்குச் சொரசொரப்பு வேண்டும், பிடிக்கிற குழாய்க்கு அது ஆகாது. எங்கள் படிக்கட்டில் ஓடும் நான்கு மாதத்தில் பாசி பிடித்து வழுக்கியது, அது தனிக் கதை.

சரி, அப்படியானால் எப்படிக் கட்ட வேண்டும்? இதற்குப் பதில் தேட நான் எங்கெங்கோ படித்தேன். கலிபோர்னியாவில் 1976-இல் இயற்றிய கடற்கரைச் சட்டத்தில், மக்கள் கடலுக்குப் போகும் வழியைக் காப்பதை ஒரு குறிக்கோளாகவே எழுதியிருக்கிறார்கள். அங்கே செங்குத்தான பாறைச் சரிவுகளில் படிக்கட்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், அலை அடித்துப் பாறையே சரியும். நம் சிக்கல் வேறு. நமக்கு உயரம் குறைவு, மணல்தான் நிலையில்லை. கடைசியில் பதில் கிடைத்தது ஊரில். ஒரு தடவை தஞ்சாவூர்ப் பக்கம் மனைவியின் உறவினர்களைப் பார்க்கப் போனபோது, கோடையில் வற்றிய ஒரு கோயில் குளத்தின் அருகே நின்றேன். தண்ணீர் எங்கோ அடியில் கிடந்தது. படிகள் அதையும் தாண்டிக் கீழே போய்க்கொண்டிருந்தன. மழையில் குளம் நிறைந்தால் நாலு படி தெரியும், வற்றினால் நாற்பது தெரியும். எந்த நாளில் வந்தாலும் கால் வைக்க ஒரு படி இருக்கும். படித்துறை என்று நம்மவர்கள் கட்டியது அதைத்தான். அதில் இன்னொன்றையும் கவனித்தேன்: அவ்வளவு கல்லுக்குள் ஒரு துண்டு இரும்பு இல்லை.

அதைத்தான் இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். மணல் மட்டத்தோடு நிறுத்தாதீர்கள். பருவத்தில் மணல் எவ்வளவு இறங்கும் என்று அங்கே தினமும் நிற்கிற மீனவரைக் கேளுங்கள், அதற்கும் கீழே நான்கைந்து படி புதையுங்கள். அதன் காலடியில் ஒரு தடுப்புச் சுவர், முன்னால் பாறைக் கற்கள், மணல் கசியாமல் அடியில் வடிதுணி. நனைந்து காயும் பகுதியில் கருங்கல் வைக்க முடிந்தால் வையுங்கள். நம் தீவே கருங்கல்தான். முடியாவிட்டால், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் குறைந்தது 50 மில்லிமீட்டர் காங்கிரீட் இருக்க வேண்டும். அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கிற சின்னக் கட்டிகளை, கவர் பிளாக் என்பார்கள், எண்ணிப் பாருங்கள், எண்ணாமல் நம்பாதீர்கள். இரும்பு ஆலைக் கசடு கலந்த சிமெண்டு, தண்ணீர் குறைந்த கலவை. கடற்கரையில் இருக்கிறதே என்று அந்த மணலை அள்ளிக் கலக்கவே கூடாது.

படி ஏற முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 2008-இல் நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்தது, பொது வசதிகள் அவர்களுக்கும் எட்ட வேண்டும் என்கிறது. சக்கர நாற்காலிக்குச் சரிவு 1-க்கு 12. ஒன்றரை மீட்டர் உயரம் இறங்க 18 மீட்டர் சரிவுப்பாதை, நடுவில் நின்று இளைப்பாற இடம் வேறு. சந்தில் அவ்வளவு இடம் கிடைக்காது, அதனால் எல்லாப் படிக்கட்டுப் பக்கத்திலும் போட முடியாது. கரைக்கு ஒன்று, வாகனம் நிறுத்துகிற இடத்தோடு ஒட்டி, உருப்படியாகப் போடலாம். சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் மணலுக்கு மேலே மரத்தில் ஒரு பாதை திறந்தார்கள். சக்கர நாற்காலியில் வந்தவர்கள் கடலோரம் வரை போனதைப் படத்தில் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துவிட்டது. திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. கடலோரம் கட்டுகிறவர், உடைந்தால் கழற்றி மாட்டுகிற மாதிரி துண்டு துண்டாகக் கட்ட வேண்டும், மாற்றுத் துண்டுகளைக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும்.

அப்புறம், படிக்கட்டைப் படத்தில் வரையும்போது எல்லோரும் இறங்குகிறவரைத்தான் நினைக்கிறார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை மதியம். பினாங்கில் அன்று கரையில் இருந்தவர்கள் உல்லாசமாக வந்த குடும்பங்கள். சுனாமியில் மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் இந்த மாநிலத்தில். அன்று மேலே ஓட வேண்டியிருந்தவர்களுக்கு முழங்கால் உயர முதல் படி, உடைந்த கைப்பிடி, இரண்டு பேர் ஒன்றாகப் போக முடியாத சந்து என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சுனாமி வராத நாளிலும், ஜெல்லி மீன் கொட்டிய பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர் ஓரமாக நடக்க முடியாது. ஸ்ட்ரெச்சரைப் பிடித்து வருகிற நாலு பேருக்கு இடம் வேண்டும். நான் அகலம் கேட்பது அதற்காக.

இன்னும் ஒன்று, சட்டம் சம்பந்தப்பட்டது. தேசிய நிலச் சட்டப்படி அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தில் நீர் ஏறும் கோட்டிலிருந்து வற்றத்தில் இறங்கும் கோடு வரை உள்ள கரை மாநில அரசுக்கு உரியது. நாம் மணலில் நிற்கலாம். அந்த மணலுக்குப் போகிற வழி தனியார் நிலங்களுக்கு நடுவில் ஒரு சந்தாக மிஞ்சியிருக்கும்போது, அதன் கடைசியில் இருக்கும் படி உடைந்தால் கரை இருந்தும் பயனில்லை. மேலே உள்ள படி ஒருவர் கணக்கிலும் கீழே உள்ள மணல் இன்னொருவர் கணக்கிலும் இருக்கிற இடங்களில் ஒரு கடிதம் எட்டு மேசை சுற்றும். மாசி மகத்தன்று தெலுக் பஹாங்கில் சிங்கமுகக் காளியம்மன் கடலுக்குப் போகும்போது ஊரே கரையில் நிற்கிறது. அவ்வளவு பேரும் எந்த வழியாக மணலுக்கு வந்தார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பாருங்கள்.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். நீர் நன்றாக வற்றியிருக்கும்போது போங்கள். மேலே நின்று பார்க்காமல், கீழே இறங்கி, படிக்கட்டைத் திரும்பிப் பாருங்கள். கடைசிப் படிக்கு அடியில் கை நுழைகிறதா? சின்னக் கல்லால் தட்டினால் உள்ளே காலியாக இருக்கிற மாதிரி 'டொக்' என்று கேட்கிறதா? பழுப்புக் கோடு வழிகிறதா? படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு செருப்பை வைத்து எடுங்கள், அளவு தெரியும். தேதியோடு உங்கள் வட்டார மாநகர் மன்ற உறுப்பினருக்கு அனுப்புங்கள். "படி மோசமாக இருக்கிறது" என்று எழுதினால் வண்ணம் பூசிவிட்டுப் போவார்கள். "கடைசிப் படிக்கு அடியில் மணல் இல்லை" என்று எழுதினால் பொறியாளர் வருவார்.

என் படிக்கட்டுக்கு வருகிறேன். அதைச் சில வருடம் கழித்து இடித்துக் கட்டினார்கள். இந்தத் தடவை நான் பிடிவாதம் பிடித்தேன், மணலுக்கு அடியில் நான்கு படி போயிற்று. குழியை மூடுகிற அன்று நண்டு அக்கா மறுபடி வந்து நின்றார். "நல்ல காசைக் கொட்டிப் படி கட்டி, மண்ணுல புதைக்கிறீங்களே தம்பி" என்றார். பதில் சொல்லாமல் மூடச் சொன்னேன்.

மறுவருடம் ஒரு சுமத்ராவுக்கு அடுத்த நாள் காலையில் போனேன். மணல் நன்றாக இறங்கியிருந்தது. புதைத்ததில் இரண்டு படி வெளியே வந்து, கழுவிவிட்ட மாதிரி ஈரமாகக் கிடந்தன. அக்கா அதில் ஒன்றில் உட்கார்ந்து நண்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"இன்னும் ரெண்டு பாக்கி இருக்கா?" என்றார்.

இருக்கிறது என்றேன்.

நன்றி, நேயர்களே. வணக்கம்.