கொத்தக் கொத்த இறுகும் மண்

(காட்சி: மழைக்குப் பிறகு ஆயர் ஈத்தாம் ஆறு)

வணக்கம். பினாங்கில் கொடிமலைப் பக்கம் மழை கொட்டினால் ஆயர் ஈத்தாம் ஆறு செந்நிறமாகி, சுங்கை பினாங்கு ஆற்றோடு சேர்ந்து ஜார்ஜ் டவுனுக்குள் வந்துவிடும். கேட்டால், எல்லாம் சிமெண்டு போட்டதால்தான் என்பார்கள். சிமெண்டுக்குப் பங்கு உண்டு. ஆனால் சிமெண்டே படாத நிலமும் தண்ணீரை உள்ளே விடாமல் போகலாம்.

(காட்சி: உள்ளங்கையில் மண்)

இது பாலிக் புலாவில், பழைய டுரியான் மரத்தடியில் எடுத்த மண். தூளாக இல்லை, சிறு சிறு உருண்டைகளாக உதிர்கிறது பாருங்கள். மணல், வண்டல், களி மூன்றையும் வேர்க்கசிவும் நுண்ணுயிர்ப் பசையும் பூஞ்சை இழைகளும் சேர்த்துப் பிடித்திருக்கின்றன. உருண்டைகளுக்கு இடையிலுள்ள சந்துகள், மண்புழு போன வழிகள், மக்கிய வேர் விட்டுச் சென்ற துளைகள், இவற்றின் வழியாகத்தான் மழைநீர் இறங்குகிறது. ஒரு துளையின் விட்டம் பாதியானால், அதே அழுத்தத்தில் அதற்குள் ஓடும் நீர் 16-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே பெரிய துளைகள் நசுங்கினாலே போதும், நிலம் அடைத்துக்கொள்ளும்.

(காட்சி: மலைச்சரிவில் காய்கறிப் பாத்தி)

கொத்திவிட்ட அன்றைக்கு மண் பொலபொலவென்று இருக்கும், முதல் மழையை நன்றாகவே குடிக்கும். இதைப் பார்த்துத்தான் கொத்தக் கொத்த நல்லது என்று தோன்றுகிறது. ஆனால் ஒவ்வொரு கொத்தும் பூஞ்சை இழைகளை அறுக்கிறது. உள்ளே காற்று புகுவதால், மண்ணைப் பிணைக்கும் மட்கு (மக்கிய இலைதழை) வேகமாகச் சிதைகிறது, நம் ஊர் வெப்பத்தில் இன்னும் வேகமாக. பிடிமானம் போன மண்ணில் மழைத்துளி நேராக விழுந்தால் உருண்டைகள் உடைந்து, அந்தப் பொடி துளைகளில் போய் அடைக்கும். காய்ந்ததும் மேலே ஓடு பிடிக்கும். சில மில்லிமீட்டர் தடிமன் இருந்தாலே தண்ணீர் வழிந்தோடிவிடும். ஒரே ஆழத்தில் திரும்பத் திரும்ப உழுகிற இடங்களில் அடியிலும் ஒரு தளம் இறுகும். செபராங் பிறை நெல் வயலில் அதை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள், அங்கே தண்ணீர் நிற்க வேண்டும். காய்கறிக்கு அது கெடுதல்.

நம் தாத்தா பாட்டிமார் இதைக் கண்ணால் பார்த்தவர்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் தோட்டங்களில் மரங்களுக்கு நடுவே ஒரு புல்கூட இருக்கக் கூடாது என்பது துரைமாரின் கட்டளை. வெட்டிச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர். வெறுமையான சரிவுகளில் மேல்மண் மழையோடு போனது. அதைப் பார்த்த பிறகுதான் பியுரேரியா, சென்ட்ரோசீமா போன்ற கொடிகளை நிலத்தில் படரவிட்டார்கள். இன்றைய செம்பனைத் தோட்டத்திலும் போய்ப் பாருங்கள்: ஆளும் வண்டியும் போகும் அறுவடைப் பாதை இறுகிக் கிடக்கும், வெட்டிய மட்டைகளை அடுக்கிய இடத்தில் தண்ணீர் சட்டென்று இறங்கும். இத்தனைக்கும் இரண்டுக்கும் இடையே சில அடிதான்.

(காட்சி: மைலோ டின்)

சரி, நீங்களே சோதிக்கலாம். மைலோ டின்னின் இரண்டு பக்கமும் திறந்து, இரண்டு விரல்கடை ஆழத்துக்குத் தரையில் இறக்குங்கள். அளந்து தண்ணீர் ஊற்றி, அது இறங்கும் நேரத்தைக் குறியுங்கள். ஒரே நாளில் மரத்தடியிலும், பாத்தியிலும், அடுக்குமாடிக்குக் கீழே உள்ள புல்தரையிலும் செய்யுங்கள். பச்சையாக இருக்கிறதே என்று புல்தரையை நம்பிவிடாதீர்கள். புல்டோசர் மேல்மண்ணை வழித்து இறுக்கிய நிலத்தில் புல் பதித்திருந்தால் தண்ணீர் அப்படியே நிற்கும்.

பினாங்கில் 76 மீட்டருக்கு மேலுள்ள நிலத்தை மலைநிலமாகக் கொள்கிறார்கள். அங்கே கட்டடம் வரலாமா என்று நிறையப் பேசுகிறோம். சரிவில் மண் வெறுமையாகக் கிடப்பதையும் அதே அக்கறையோடு பேச வேண்டும் என்பது என் கருத்து. செங்குத்தான சரிவில் நீர் இறங்கினால் மட்டும் போதாது, மண்ணைப் பிடிக்க ஆழமான வேரும் வேண்டும். இல்லாவிட்டால் சரிவே பெயர்ந்துவிடும்.

வீட்டுப் பாத்தி வைத்திருப்பவர்கள் அடுத்த பயிருக்கு முழுவதையும் கொத்தாமல், கன்று நடும் குழியை மட்டும் தோண்டுங்கள். நோயில்லாத பழைய செடியைப் பிடுங்காமல் தண்டை அறுத்து மேலே பரப்பி, வேரை மண்ணிலேயே விடுங்கள். ஒரு பருவம் கழித்து அதே இடத்தில் டின்னை வைத்துப் பார்த்துவிட்டு, இரண்டு நேரங்களையும் கீழே எழுதுங்கள்.