கனிமம் வேறு, தாது வேறு

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூர் லால்பாக் பாறையின் மீது ஏறி அமராத தமிழர் இந்நகரில் குறைவாகத்தான் இருப்பார்கள். கெம்பேகௌடர் கோபுரம் நிற்கும் அந்தப் பாறைக்கு வயது ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள். சாம்பலும் வெண்மையும் வரிவரியாகக் கலந்த நைஸ் என்னும் அந்த வகைப் பாறைதான் தென் கர்நாடகத்தின் பெரும்பகுதிக்கு அடித்தளம். படிக்கட்டுக்கும் கட்டடத்துக்கும் அது உதவும். ஆனால் தங்கம் தேடுகிறவர்கள் அதைக் கடந்து போய்விடுவார்கள். அவர்கள் தேடுவது அந்த நைஸ் பரப்பின் நடுவே குறுகிய பட்டைகளாக வடக்குத் தெற்காக ஓடும் கரும்பச்சை எரிமலைப் பாறைகளை. கோலார், ஹட்டி-மஸ்கி, கதக், சித்ரதுர்கா என்று அந்தப் பட்டைகளுக்கு ஊர்ப் பெயர்களே வழங்குகின்றன. நெருக்குண்டு பிளந்த அந்தப் பாறைகளின் விரிசல்களில் ஆழத்திலிருந்து ஏறிய வெந்நீர், வெங்கச்சங்கல்லையும் (குவார்ட்ஸ்) அதனோடு தங்கத்தையும் படியவைத்தது.

இந்தப் பட்டைகளின் பாறைத் தொகுதிக்குத் தார்வார் என்று பெயரிட்டவர் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-இல் பல்லாவரத்தில் கற்காலக் கருவியைக் கண்டெடுத்தவரும் அவரே. 1894-இல் மைசூர் அரசின் நிலவியல் துறை தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரும் அவர்தான். அவருக்கு வெகுகாலம் முன்பே இந்தப் பட்டைகளை அறிந்தவர்கள் இருந்தார்கள். ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டியில் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கிட்டத்தட்ட 200 மீட்டர் ஆழம் வரை தோண்டியிருக்கிறார்கள். அதே பட்டையைச் சேர்ந்த மஸ்கியில், அசோகர் தம் பெயரையே பொறித்த பாறைக் கல்வெட்டு 1915-இல் வெளிப்பட்டது. அதைக் கண்டவர் தங்கம் தேடி வந்த ஒரு சுரங்கப் பொறியாளர்.

ஒரு பகுதியில் கனிமம் இருக்கிறது என்பதும், அங்கே சுரங்கம் வரும் என்பதும் ஒன்றல்ல. செலவழித்து எடுத்தால் கட்டுப்படியாகும் அளவுக்குச் செறிந்திருக்கும் கனிமத்தைத்தான் நிலவியலாளர்களான நாங்கள் தாது என்கிறோம். விலையும் தொழில்நுட்பமும் மாறும்போது தாதுவின் எல்லையும் மாறும். கோலார் தங்கவயலே இதற்குச் சான்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் பணியைத் தொடங்கியதற்குப் பின் வந்த ஆண்டுகளில் ஒரு டன் பாறையில் 40 கிராமுக்கும் மேல் தங்கம் கிடைத்தது. இறுதிக் காலத்தில் அது 5 கிராமுக்கும் கீழே இறங்கிவிட்டது. சாம்பியன் ரீஃப் சுரங்கமோ 3 கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போயிருந்தது. அனல் வீசும் பாறையும், திடீரென வெடித்துச் சிதறும் பாறையும் எத்தனை தமிழ்க் குடும்பங்களின் கதையில் இருக்கின்றன என்பதை ராபர்ட்சன்பேட்டையிலும் மாரிகுப்பத்திலும் கேட்டால் சொல்வார்கள். ஏறத்தாழ 800 டன் தங்கம் தந்த அந்தச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன.

ஆய்வுப் பணி எப்படி நடக்கிறது என்பதையும் சற்று சொல்ல வேண்டும். வானூர்தி அளவீடு, மண் மாதிரி ஆகியவை இடத்தைச் சுட்டுமே தவிர, உறுதி தருவது துளையிடுதல்தான். எந்திரம் வெளியே எடுக்கும் பாறைத் தண்டு மணிக்கட்டுப் பருமன் இருக்கும். அதை ஆழ வரிசை குலையாமல் தட்டுகளில் அடுக்கி, தண்ணீர் தெளித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்ப்போம். நெடுக்கில் இரண்டாக அறுத்து ஒரு பாதி ஆய்வகத்துக்குப் போகும், மறு பாதி தட்டிலேயே இருக்கும். தங்கம் கண்ணுக்குத் தெரிவது மிக அரிது. நான் பார்த்த பல நல்ல தண்டுகள் வெறும் சாம்பல் கற்களாகவே இருந்தன.

துளைகள் போதாத நிலையில் சொல்லப்படும் எண்ணை நம்பக்கூடாது. மண்டியா மாவட்டம் மார்லகல்லாவில் 14,100 டன் லித்தியம் என்று 2020-இல் செய்தி பரவியது. 2021-இல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்த அளவு 1,600 டன், அதுவும் ஊகநிலை மதிப்பீடு. ஆகவே இனி ஒரு கனிமச் செய்தியைக் கேட்கும்போது, ஜி-4 என்னும் தொடக்கநிலை முதல் ஜி-1 என்னும் விரிவான நிலை வரையுள்ள ஆய்வுப் படிகளில் அது எதில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள்.

நம் நிலவியலைப் பெரிதும் ஒத்த மேற்கு ஆஸ்திரேலியாவை நினைத்தால் எனக்கு ஏக்கம்தான் வருகிறது. ஆஸ்திரேலியா முழுவதும் சேர்த்து ஆண்டுக்கு ஏறக்குறைய 300 டன் தங்கம் எடுக்கிறது. நம் ஹட்டிச் சுரங்கம் எடுப்பது ஒன்றரை டன் அளவே. வேறுபாடு பாறையில் மட்டும் இல்லை, துளையிட்டவர்களின் எண்ணிக்கையிலும் இருக்கிறது. 2015 கனிமச் சட்டத் திருத்தத்தின்படி சுரங்கம் ஏலத்துக்குப் போனதால், கண்டுபிடித்தவருக்கே அது கிடைக்கும் என்ற உறுதி போய்விட்டது, தனியார் தயங்கினார்கள். 2023 திருத்தம் தங்கம், செம்பு, லித்தியம் உள்ளிட்ட 29 கனிமங்களுக்கு ஆய்வு உரிமம் கொண்டுவந்து, கண்டுபிடிப்பவருக்குப் பின்னாளைய ஏலத் தொகையில் பங்கு அளித்திருக்கிறது. இது தாமதமாக வந்த நல்ல மாற்றம் என்பது என் கருத்து.

தங்கவயல் மீண்டும் திறக்குமா என்று பலரும் என்னைக் கேட்கிறார்கள். ஆழச் சுரங்கங்களில் நீர் நிரம்பிவிட்டது. அவற்றை நான் எதிர்பார்க்கவில்லை. சயனைடு கொண்டு தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் மிஞ்சி, ஊருக்குள் குன்றுகளாகக் கிடக்கும் சயனைடு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு மணல் உள்ளது. டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கமே என்றாலும், தோண்டி அரைக்கும் செலவு அதற்கு ஏற்கெனவே முடிந்துவிட்டது. முதல் வேலை அங்கேதான் வர முடியும். காற்றில் பறந்து வீடுகளில் படியும் அந்தத் தூசியை அடக்கும் ஏற்பாடும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். ஆனால் மணலைக் கழுவும் ஆலைக்குச் சில நூறு பேர் போதும். விடியற்காலையில் மாரிகுப்பம் ரயிலேறி இந்நகருக்கு வேலைக்கு வரும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த ரயிலைத் தவிர்க்க அது போதாது.

வணக்கம்.