மாஃபியா மகன் எதற்கு?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஐ கேர் எ லாட்’ என்ற ஆங்கிலப் படம் முதியோர் கொடுமையைத் தோலுரித்ததா, வேடிக்கையாக்கியதா? வேடிக்கையாக்கியது என்று பேச வந்திருக்கிறேன்.

முதல் அரைமணி நேரத்தில் நான் கை வைக்க மாட்டேன். ஜெனிஃபர் அம்மாவுக்கு மறதி நோய் என்று டாக்டர் பொய் சொல்கிறார். அவரையும் அவர் சொத்தையும் ‘காப்பாளர்’ ஒருவர் பொறுப்பில் விடச் சொல்லி அவசர மனு. அம்மாவுக்கு நோட்டீஸும் இல்லை, வக்கீலும் இல்லை. அவர் இல்லாமலே நீதிபதி உத்தரவு போடுகிறார். கோர்ட் நியமித்த காப்பாளர் மார்லா போலீஸோடு வந்து கதவைத் தட்டுகிறாள். முதியோர் இல்லத்தில் போனைப் பிடுங்கியாகிவிட்டது. வீட்டுக்கு வெள்ளையடித்து விற்கிறார்கள். காப்பாளர் சம்பளமும் அந்த அம்மா பணத்திலேயே! ஒரு பூட்டைக்கூட உடைக்கவில்லை, எல்லாம் கோர்ட் முத்திரையோடு.

அதன்பிறகுதான் சறுக்கல். அம்மாவுக்கு மாஃபியா மகன் ஒருவனைக் கொடுத்தார்கள். அம்மாவின் பெயரே செத்துப்போன குழந்தையிடம் திருடியதாம்! அவரை மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டு, கடத்தல், விபத்து என்று ரவுடிகள் மல்லுக்கட்டுகிறார்கள். கொடுமைக்கு ஆளானவர் தன் கதையிலேயே துணை நடிகை ஆகிவிட்டார்.

“கடைசியில் மார்லாவைச் சுட்டுவிட்டார்களே, போதாதா?” என்றார் எதிரணி நண்பர். சுட்டது யார்? அம்மாவைப் பார்க்க விடுங்கள் என்று படத்தின் தொடக்கத்தில் இதே கோர்ட்டில் மன்றாடித் தோற்ற, மார்லாவிடம் சிக்கிய இன்னொரு அம்மாவின் மகன். மார்லா போய்ச் சேர்ந்தாள், சரி. உத்தரவு போட்ட நீதிபதி? நாற்காலியில் அப்படியே இருக்கிறார் ஐயா!

நிஜத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், லாஸ் வேகாஸ் இருக்கும் கிளார்க் கவுண்டியில் ஏப்ரல் பார்க்ஸ் என்ற தனியார் காப்பாளர். அவரிடம் சிக்கிய முதியவர்களில் பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தவர்களும் உண்டு. மாஃபியா யாரும் வரவில்லை. குடும்பத்தார் விடாமல் புகார் கொடுத்தார்கள், பத்திரிகைகள் எழுதின, அதிகாரிகள் உட்கார்ந்து பில் பில்லாகப் புரட்டினார்கள். 2019 ஜனவரியில் 16 முதல் 40 ஆண்டு வரை சிறை. அதற்கு முன்பே, 2017-இல், காப்பாளர் மனுவை எதிர்கொள்ளும் பெரியவர்களுக்கு வக்கீல் உரிமை தந்து நெவாடா சட்டம் போட்டது.

அப்படி ஒரு வக்கீல் அன்றைக்கு ஜெனிஃபர் அம்மாவுக்காக எழுந்து, “டாக்டர், எந்தத் தேதியில் என்ன பரிசோதனை செய்தீர்கள்? அந்தத் தாளைக் காட்டுங்கள்” என்று கேட்டிருந்தால், மார்லா அந்த வீட்டு வாசலுக்கே போயிருக்க மாட்டாள். அந்த இன்னொரு அம்மாவுக்கும் ஒரு வக்கீல் இருந்திருந்தால், மகன் துப்பாக்கியைத் தேடவும் வேண்டியிருக்காது. மணி அடித்துவிட்டீர்கள், உட்காருகிறேன்.