கம்பில் தொடங்கும் கலை

நண்பர்களே, வணக்கம்.

கராத்தே கற்றவர்கள் சிலர் இங்கே இருப்பீர்கள். அங்கே முதலில் வெறுங்கை, ஆயுதமெல்லாம் பிறகுதான். பிலிப்பைன்ஸின் தற்காப்புக் கலையில் வரிசையே தலைகீழ். சேர்ந்தவுடன் கையில் ஒரு பிரம்பைக் கொடுத்துவிடுவார்கள். நீளம் சுமார் 28 அங்குலம். அர்னிஸ், எஸ்கிரிமா, காலி என்று பெயர்கள் பல இருந்தாலும், மூன்றையும் ஒரே குடும்பமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆயுதத்தில் ஏன் தொடங்குகிறார்கள்? அவர்கள் கற்றுத்தருவது கம்பை அல்ல, கோணத்தை. அடி எந்தத் திசையிலிருந்து வருகிறதோ அதற்கு ஓர் எண். வலப்பக்கம் மேலிருந்து சரிவாக எதிராளியின் இடது பொட்டுக்கு இறங்கும் அடி பல பள்ளிகளில் ஒன்றாம் எண். சில பள்ளிகளில் மொத்தம் ஐந்து எண்கள், பலவற்றில் பன்னிரண்டு. அந்தக் கோணத்தில் வருவது பிரம்பா, போலோ எனும் வெட்டுக்கத்தியா, முஷ்டியா என்பது அடுத்த கேள்வி. விலகும் விதமும் கால் வைக்கும் இடமும் பெரும்பாலும் அதேதான். அதனால் கம்பு கைநழுவி விழுந்தாலும் பாடம் வீணாகாது.

புதியவர்கள் கவனிக்கத் தவறுவது இடது கையை. ஒற்றைக் கம்புப் பயிற்சியில் அது சும்மா தொங்குவதில்லை. எதிராளியின் மணிக்கட்டைத் தட்டும், அழுத்தும், பிடிக்கும், கம்பையே பறிக்கும். நெருங்கி நின்று மோதும்போது பாதி வேலை அந்தக் கையுடையது.

வரலாற்றுக்கு வருவோம். 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில், அங்கிருந்த தலைவர் லாபுலாபுவின் ஆட்கள், ஸ்பெயினுக்காகக் கப்பலோட்டி வந்த மெகல்லனைக் கொன்றார்கள். இந்தக் கலையால்தான் கொன்றார்கள் என்று உற்சாகமாகச் சொல்பவர்கள் உண்டு. மெகல்லனோடு வந்து சண்டையில் உடனிருந்த பிகாஃபெட்டா மூங்கில் ஈட்டி, அம்பு, பெரிய வாள் என்றெல்லாம் எழுதுகிறார். கலையின் பெயர் எதையும் சொல்லவில்லை. வெற்றியே போதுமான பெருமை, ஒட்டுப்போட வேண்டியதில்லை என்பது என் கட்சி. பின்னால் வந்த ஸ்பானிய ஆட்சியின் தடயம் பயிற்சிக்கூடத்தில் இன்றும் காதில் விழும். தூரம், நடு, நெருக்கம் என்ற மூன்று இடைவெளிகளுக்கும் லார்கோ, மெதியோ, கோர்தோ என்ற ஸ்பானியச் சொற்கள்தான்.

செபு நகரம் இதன் பெரிய கோட்டை. அங்கே 1932இல் தோசே பாரெஸ் சங்கம் பிறந்தது. அதிலிருந்து விலகிய வெனான்சியோ பேகன் 1952இல் பாலிந்தாவாக் குழுவைத் தொடங்கினார். ஒற்றைக் கம்பு, நெருங்கிய சண்டை என்பது அவர்கள் பாணி. இரு தரப்புக்கும் இடையே சவால்களுக்குப் பஞ்சமில்லை.

பழைய பயிற்சியில் கம்பு நேரே எதிராளியின் கையைத்தான் குறிவைக்கும். ஆயுதம் பிடித்த கை போனால் சண்டை முடிந்தது, சரி. ஆனால் பயிற்சியிலேயே விரல் வீங்கினால் மாணவன் மறுநாள் வருவானா? நெக்ரோஸ் தீவின் ரெமி பிரேசாஸ், கம்போடு கம்பு மோதும் முறையைப் பரப்பினார். கலை தப்பிப் பிழைத்ததில் இதற்குப் பெரும் பங்கு உண்டு என்பேன். கடல் தாண்டி, கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில், பண்ணை வேலைக்குப் போன பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்களுக்குள் பொத்தி வைத்திருந்த கலையை, ஏஞ்சல் கபாலெஸ் 1966இல் பள்ளி திறந்து எல்லோருக்கும் கற்பித்தார். சொந்த நாட்டில் இதைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவிக்கும் சட்டம் வர 2009 டிசம்பர் ஆனது.

அப்புறம், இப்போது மேடைக்கு வரும் இருவரும் ஒற்றைக் கம்புப் பயிற்சி செய்து காட்டுவார்கள். கம்பு வேகமாகத்தான் சுழலும். நீங்கள் இடது கையைப் பாருங்கள்.